வேலூர் பக்கம் குடியை விட்டவர்களின் குழு: யாரிடம் கேட்டால் தெரியும்?

தறிக்கார_தம்பி (குடியாத்தம்)

வணக்கம். என் அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. ஷூ கம்பெனியில் வேலை. கல்யாணமான புதிதிலேயே குடி ஆரம்பித்துவிட்டது. சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடியை நிறுத்தி, உடம்பையும் ஓரளவு தேற்றி அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது டாக்டர், "மருந்து பாதிதான், மீதிக்கு ஏ.ஏ. மாதிரி ஏதாவது குழுவில் சேர்ந்துவிடுங்கள்" என்றார். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழுவாம். எங்கே என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

மொபைலில் தேடினால் வருவதெல்லாம் தனியார் மறுவாழ்வு மைய விளம்பரம். ஒரு இடத்துக்கு போன் போட்டேன். நான் கேட்டது குழு. அவர்கள் சொன்னது, "அட்ரஸ் குடுங்க, வண்டி அனுப்பறோம், ஆளை நாங்களே தூக்கிக்கறோம்." அண்ணன் இப்போது குடிக்காமல்தான் இருக்கிறார். எதற்குத் தூக்க வேண்டும்?

வைகாசி பிறந்ததும் இங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே கூடும், அவருடைய கூட்டாளிகளும் கூடுவார்கள். அதற்குள் ஒரு வழி தெரிந்தால் நல்லது.

ஆரணி_ராசா

தம்பி, குழுவெல்லாம் எதற்கு? குலதெய்வம் கோயிலில் கயிறு கட்டி சத்தியம் வாங்குங்கள். எங்கள் மாமா அப்படித்தான் விட்டார். மன உறுதி இருந்தால் போதும். அது இல்லாதவனை எந்தக் கூட்டத்தில் உட்கார வைத்தும் பிரயோஜனம் இல்லை.

வார்டு_சிஸ்டர்

ராசா அண்ணா, கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையிலேயே குடிக்கிற ஆள் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், ராத்திரி முழுக்கக் கத்துவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். வீட்டில் என்னவோ "சாமி வந்திருக்கு, பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போய்விடுவார்கள்.

கார்த்திகை மாதம் இது அதிகம். மாலை போட்ட அன்றே குடியை நிறுத்துவார், மூன்றாம் நாள் எங்களிடம் வருவார். அதனால் இந்த இழையைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: தினக் குடிகாரர் என்றால் முதலில் டாக்டர், அப்புறம் கோயிலோ குழுவோ. ஆஸ்பத்திரியில் பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள், நடுக்கம் அடங்க மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். தம்பியின் அண்ணன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அவருக்கு இப்போது குழுதான் சரி.

சத்துவாச்சாரி_சைக்கிள்

தம்பி, நான் ஏ.ஏ. உறுப்பினர். பெயர் சொல்ல மாட்டேன், அது எங்கள் வழக்கம்.

நீங்கள் தேடிக் கிடைக்காததில் ஆச்சரியம் இல்லை. எங்களுக்கு போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, சொந்தக் கட்டடமும் கிடையாது. பள்ளிக்கூட வகுப்பறை, சர்ச் வளாகத்தில் ஓர் அறை, ஆஸ்பத்திரி ஹால் என்று யாராவது கொடுக்கிற இடத்தில் வாரத்தில் ஒரு நாள் கூடுவோம். அங்கே பரீட்சை, விசேஷம் என்றால் இடம் மாறும். எப்போதோ யாரோ இணையத்தில் போட்ட விலாசத்தை நம்பிப் போனால் பூட்டுதான் வரவேற்கும். அதனால்தான் நானும் இங்கே இடம், நேரம் போடவில்லை.

ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் இது போய்ச் சேரும். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு மனநலப் பிரிவுக்குப் போங்கள். நம் பக்கத்தில் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். அங்கே சோஷியல் வொர்க்கர், கவுன்சலர் யார் என்று விசாரித்து அவரிடம், "இந்த வாரம் ஏ.ஏ. கூட்டம் எங்கே, பேசுவதற்கு ஒரு உறுப்பினரின் எண் கிடைக்குமா" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். மும்பையில் ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் இருக்கிறது. அங்கே கேட்டாலும் உங்கள் பக்கத்துக் குழுவோடு இணைத்துவிடுவார்கள்.

எண் கிடைத்ததும் நீங்கள் பேசாதீர்கள். அண்ணனைப் பேச வையுங்கள். தம்பி பேசினால் அது தம்பியின் ஆசை. அவரே, "நான் குடிக்கிறவன், நிறுத்தணும்" என்று சொல்ல வேண்டும். எங்களிடம் சேர வேறு தகுதி எதுவும் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம், அவ்வளவுதான். ஃபாரம் இல்லை, கையெழுத்து இல்லை, கட்டணம் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள், டீச் செலவும் அறைச் செலவும் அதில்தான். வெளியாரிடம் வாங்குவதில்லை.

உள்ளே என்ன நடக்கும் என்ற பயம் இருக்கும். யாரும் அறிவுரை சொல்வதில்லை. ஒருவர் பேசுவார், எப்படிக் குடித்தேன், எப்படி நின்றேன், இந்த வாரம் எங்கே ஆட்டம் கண்டேன் என்று. மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள். அப்புறம் அடுத்தவர். புது ஆள் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். இது 1935இல் அமெரிக்காவில் ஆக்ரான் என்ற ஊரில் ஆரம்பித்தது. ஆரம்பித்த இருவரில் பில் வில்சன் பங்குச் சந்தையில் இருந்தவர், பாப் ஸ்மித் சர்ஜன். இரண்டு பேருமே குடியால் தொழிலைக் கெடுத்துக்கொண்டவர்கள். இன்னொரு குடிகாரனோடு உட்கார்ந்து பேசினால் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டார்கள். இன்றைக்கும் நாங்கள் செய்வது அதைத்தான்.

ராசா சாருக்கு ஒன்று. மன உறுதி இல்லாமலா மண்டலம் முழுக்க மாலையோடு குடிக்காமல் இருக்கிறார்கள்? இருக்கிறார்கள். மாலையைக் கழற்றிய சாயங்காலம் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆரணி_ராசா

அது உண்மைதான் சார். மாமாவும் இரண்டு தடவை கயிற்றை அறுத்தவர்தான். மூன்றாவது தடவைதான் நின்றது.

கோட்டை_அகழி

எல்லாம் சரி, டாஸ்மாக் கடையை மூடினால் இந்தக் குழுவே தேவையில்லை. 1983இல் மொத்த வியாபாரத்துக்கு ஆரம்பித்ததை 2003இல் சில்லறைக்கும் கொண்டுவந்து அரசாங்கமே கடை விரித்தது. 2023இல் 500 கடையை மூடினார்கள், குடிக்கிறவன் பக்கத்துத் தெருக் கடைக்குப் போனான்.

இழை_காவலர்

அகழி, அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே குழு தேடுவது பற்றி மட்டும். இன்னொன்று, யாரும் தனி ஆள் எண்ணையோ, கூட்டத்துக்கு வருகிறவர் யார் என்ற விவரத்தையோ இங்கே போடக் கூடாது. போட்டால் நீக்குவேன்.

ஆம்பூர்_பாய்

எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பேசவே முடியாது. மார்க்கத்தில் ஹராம் என்பதால் குடிக்கிறவன் குடிப்பதையே மறைப்பான், அப்புறம் எங்கே நிறுத்த உதவி கேட்பான்? என் மச்சான் ஒருவரைக் கூப்பிட்டேன். "சர்ச்சில் நடக்கிறதாமே, யாராவது பார்த்தால் மதம் மாறிவிட்டான் என்பார்கள்" என்று வர மறுக்கிறார்.

சத்துவாச்சாரி_சைக்கிள்

பாய், அது வெறும் அறை. வாடகைக்கு வீடு கொடுத்தவரின் மதமா நம் மதம்? குடியை விட நாங்கள் பின்பற்றும் படிகளில் கடவுள் என்ற பேச்சு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "நாம் உணர்ந்தபடியான கடவுள்" என்றுதான் இருக்கும். என் குழுவில் தொழுதுவிட்டு வருகிறவர் இருக்கிறார், திருநீறு பூசி வருகிறவர் இருக்கிறார், எதுவும் இல்லை என்கிற பெரியார் கட்சிக்காரரும் இருக்கிறார். அவர் தன்னைவிடப் பெரிய சக்தி என்று இந்தக் குழுவைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மச்சான் ஆம்பூரில் போகத் தயங்கினால் வேலூருக்கு வரட்டும். வேலூர்க்காரர்களில் சிலர் ராணிப்பேட்டைப் பக்கம் போகிறார்கள், அங்கிருந்து இங்கே வருகிறார்கள். எல்லாம் இதே கூச்சம்தான். தெரிந்த முகம் உள்ளே இருந்தால்கூட, அவரும் அதே காரியத்துக்குத்தானே வந்திருக்கிறார்?

பேரணாம்பட்டு_அக்கா

தம்பி, நீங்கள் அண்ணனுக்கு மட்டும் கேட்கிறீர்கள். அண்ணி எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லையே.

என் வீட்டுக்காரர் குடித்த காலத்தில் கடன்காரனுக்கு நான் பதில் சொன்னேன். சூப்பர்வைசருக்கு போன் போட்டு, "அவருக்கு ஜுரம்" என்று நான் பொய் சொன்னேன். அவர் வாந்தியை நான் கழுவினேன். எல்லாம் குடும்ப மானத்துக்காக. ஆக, குடித்ததன் பலன் ஒன்றுகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. அல்-அனான் என்று ஒன்று இருக்கிறது, குடிக்கிறவர்களின் மனைவி, அம்மா, கூடப் பிறந்தவர்களுக்கு. 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் சேர்ந்து ஆரம்பித்தது. அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது, இந்த நோய்க்கு நான் காரணம் இல்லை, என்னால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பது. வருஷக்கணக்கில் மாமியார், "நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்" என்று கேட்டதைத் தாங்கியவளுக்கு அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

கடன்காரனிடம் "அவரிடமே கேளுங்கள்" என்று சொல்லத் தைரியம் வந்தது அதற்கப்புறம்தான். அவர் நிறுத்தியது ரொம்பப் பின்னால்.

எல்லா ஊரிலும் தனியாக நடக்காது. எங்கே இல்லையோ அங்கே ஏ.ஏ.வின் ஓப்பன் மீட்டிங்குக்குப் போகலாம். அதில் குடும்பத்தார், நண்பர்கள் யாரும் உட்காரலாம். க்ளோஸ்டு மீட்டிங் குடிக்கிறவர்களுக்கு மட்டும். எது எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பள்ளிகொண்டா_88

அக்கா, ஒரு சந்தேகம். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பவுடர் வாங்கலாமா? பஸ்ஸில் ஒட்டிய நோட்டீஸ் பார்த்தேன். என் அப்பா எந்தக் கூட்டத்துக்கும் வருகிற ஆள் இல்லை.

வார்டு_சிஸ்டர்

வேண்டவே வேண்டாம்மா. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. டாக்டர் எழுதித் தருவது. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கிவிடும். இதயக் கோளாறு இருப்பவருக்கு உயிருக்கே ஆபத்து. நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். "இதைப் போட்டால் குடிக்க முடியாது, தெரிந்துதான் போடுகிறேன்" என்று அவரே ஒப்புக்கொண்டு போட வேண்டியது. தெரியாமல் கொடுத்தால் அது விஷம் வைப்பதற்குச் சமம். குடிக்கிற ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. லிவரையும் கிட்னியையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

அப்பா வராவிட்டால் நீங்கள் போய்ப் பேசுங்கள். 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை. 14416 டெலி மானஸ், மனநலத்துக்கு, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இரண்டையும் எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள். தவறிப் போட்டாலும் பாதகமில்லை, வழி சொல்வார்கள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வருவார். எந்த நாள் என்று ஓ.பி. சீட்டு தருகிற இடத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

வாலாஜா_வக்கீல்

தம்பி முதல் பதிவில் சொன்ன "தூக்கிக்கறோம்" விஷயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநலச் சிக்கலும் அடங்கும். அதனால் உள்ளே வைத்துச் சிகிச்சை தரும் தனியார் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். போனதும் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், டாக்டர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள். குடும்பத்தார் பார்க்க முடியாது, போன் பேச முடியாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள். சங்கிலியில் கட்டுவதை அந்தச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. என்னிடம் வந்த ஒரு குடும்பம் பெரிய தொகை கட்டி ஒரு மையத்தில் விட்டது. பையன் முதுகெல்லாம் தழும்போடு வந்தான், வந்த அன்றே குடித்தான். நல்ல மையங்களும் உண்டு. சென்னையில் டி.டி.கே. ஆஸ்பத்திரி 1980இலிருந்து இதே வேலையாக இருக்கிறது, சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. அங்கே குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. பாகாயத்திலும் கூடவே ஒரு உறவினர் தங்க வேண்டும் என்பார்கள். குடும்பத்தை உள்ளே விடுகிறார்களா, வெளியே நிறுத்துகிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

தறிக்கார_தம்பி

எல்லோருக்கும் நன்றி. ஓ.பி.யில் ஒரு மேடம் ஒரு எண் கொடுத்தார்கள். அண்ணன் கையில் கொடுத்துவிட்டு நான் தறிக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் மாடியில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார், ரொம்ப நேரம். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "அவரும் கம்பெனியில வேலை பார்த்தவர்தான்டா" என்று மட்டும் சொன்னார். வருகிற கூட்டத்துக்குப் போகலாம் என்கிறார்.

இரண்டு கேள்வி. நானும் உள்ளே உட்காரலாமா? வாரம் ஒரு கூட்டம் போதுமா?

சத்துவாச்சாரி_சைக்கிள்

முதல் நாள் க்ளோஸ்டு மீட்டிங் என்றால் வாசல் வரை விட்டுவிட்டு டீக்கடையில் உட்காருங்கள். ஓப்பன் என்றால் உள்ளே வரலாம், ஆனால் அவர் பக்கத்தில் உட்கார வேண்டாம். தம்பி கேட்கிறான் என்றால் வாய் வராது.

வாரம் ஒன்று போதாது. ஆரம்பத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சென்னையில் அது நடக்கும், குடியாத்தத்திலிருந்து எப்படி நடக்கும்? அதற்கு நாங்கள் செய்வது: தமிழில் ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன, மொபைலில் வீடியோவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். முதல் நாளே உறுப்பினர்களின் எண்களை எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆசை வரும்போது போன் போட வேண்டும், குடித்த பிறகு இல்லை. கொஞ்ச நாள் கழித்து, நீண்ட காலம் குடிக்காமல் இருக்கும் ஒருவரை ஸ்பான்சராக வைத்துக்கொள்ளலாம். அவர் டாக்டர் இல்லை, குருவும் இல்லை, அவர் ஏற்கனவே விழுந்து எழுந்த இடங்களை முன்கூட்டிச் சொல்கிற ஆள். முக்கியமாக, யாராவது "மாத்திரையெல்லாம் வேண்டாம், மீட்டிங் போதும்" என்றால் கேட்க வேண்டாம். மருந்து டாக்டர் பாடு.

திருவிழாவுக்கு: அன்றைக்கு அவரை ஊரில் வைத்துக் காவல் காக்காதீர்கள். காவல் இருந்தால் தப்பிப்பதே விளையாட்டாகிவிடும். அம்மனைக் காலையிலேயே கும்பிட்டுவிட்டு, கூட்டாளிகள் கூடும் முன்னால் கிளம்பி வேலூர் வந்துவிடட்டும். எங்களில் யாராவது ஒருவர் கூட இருப்போம். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் ஒன்று இருந்தாலே ஆசை வரும். அதனால் வயிறு காயக் கூடாது. நான் இன்றைக்கும் சம்பள நாளில் பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பேன், ஆபீஸில் சிரிப்பார்கள்.

ஒருவேளை குடித்துவிட்டால் வீட்டில் பஞ்சாயத்து வைக்க வேண்டாம். மறுநாள் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். எங்களிடம் அதற்காக யாரையும் வெளியே அனுப்புவதில்லை.

திருப்பத்தூர்_டீ

எங்கள் பக்கமும் இதே வழிதானா? 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு எதைக் கேட்டாலும் அங்கே போ, இங்கே போ என்கிறார்கள்.

சத்துவாச்சாரி_சைக்கிள்

குழுவுக்கு மாவட்ட எல்லை கிடையாது. பழைய வட ஆற்காடு முழுக்க எங்களுக்கு ஒரே ஊர் மாதிரிதான். எந்த மனநலப் பிரிவிலும் கேளுங்கள், ஒரு எண் கிடைத்தால் மற்றது தானாக வரும்.

ஆம்பூர்_பாய்

கடவுள் பேச்சே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஸ்மார்ட் ரெகவரி என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். 1994இல் தொடங்கியது, நம் எண்ணம், பழக்கம் இவற்றை மாற்றும் பயிற்சி. ஆன்லைனிலும் கூட்டம் நடத்துகிறார்கள். யாருக்காவது உதவட்டும். மச்சான் இன்னும் வரவில்லை. ஆனால் ஏ.ஏ. எண் ஒன்றை போனில் ஏற்றிக்கொண்டார்.

பேரணாம்பட்டு_அக்கா

தம்பி, அண்ணியிடம் இந்த இழையைக் காட்டுங்கள். வேலூர் போகிற நாளில் அவரும் வந்தால் ஓப்பன் மீட்டிங்கில் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

வார்டு_சிஸ்டர்

டிஸ்சார்ஜ் சீட்டைத் திரும்பப் பாருங்கள் தம்பி. லிவர் டெஸ்ட் மறுபடி எடுக்க வேண்டிய தேதி இருக்கும். பி1 மாத்திரை எத்தனை நாள் என்றும் இருக்கும், அதைத்தான் எல்லோரும் பாதியில் நிறுத்துவார்கள். கூட்டம் நடக்கிற நாளிலேயே டெஸ்டும் வைத்துக்கொண்டால் ஒரே அலைச்சல்.

தறிக்கார_தம்பி

பார்த்தேன் சிஸ்டர், அடுத்த வாரம்தான் டெஸ்ட். அண்ணியும் வருகிறார். ஓப்பன் மீட்டிங்காம், அண்ணனே போன் போட்டுக் கேட்டுவிட்டார். முடிந்து திரும்பும்போது கே.வி.குப்பம் வழியாகப் பஸ் இருக்குமா, பள்ளிகொண்டா சுற்றித்தான் வர வேண்டுமா?

பள்ளிகொண்டா_88

இரண்டு பக்கமும் இருக்கும் அண்ணா. பள்ளிகொண்டா வழியாக வந்தால் சொல்லுங்கள், அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று உங்கள் அண்ணனிடம் கேட்க வேண்டும்.